முதல் வாளி செடிக்கு

அந்த ஊரில் குழாயைத் திறந்தால் முதலில் பேச்சு வரும், அப்புறம்தான் தண்ணீர் வரும். பெரிய நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். தண்டவாளத்தைக் கடக்க ஒரே ஒரு பாலம், மேட்டின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு கடைத்தெரு, மற்றதெல்லாம் வீடுகள். துருப்பிடித்த பழைய குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதித்த வருஷத்தில் இது ஆரம்பித்தது. திறந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்று யார் என்ன பேசினாலும், அந்தப் பேச்சு வருகிற தண்ணீரை எதிர்த்து ஏறிப்போய், அந்த நேரத்தில் ஊரில் எங்கெல்லாம் குழாய் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கிவிடும். பேசினவரின் சொந்த வீட்டுக் குழாயில் மட்டும் வராது. குரலுக்கு அடையாளமும் கிடையாது. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாரும் வாய் கொப்பளித்துக்கொண்டே பேசுகிற மாதிரி ஒரே ஈரக்குரல். பெரும்பாலும் பத்துப் பேச்சு ஒன்றாகக் கலந்து சந்தை இரைச்சலாகத்தான் வந்து விழும். ஆனால் யாராவது மனதில் உள்ளதை உள்ளபடி சொன்னால் மற்ற பேச்செல்லாம் ஒதுங்கி அதற்கு வழிவிடும். ஏன் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? நகரத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து தெருவைத் தோண்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் விடுதிக் குழாயில், "பாவம்ப்பா, இந்த இன்ஜினியருக்கு ஒரு எழவும் தெரியல" என்று வந்தது. அடுத்த ரயிலிலேயே அவர் போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் வாயை மூடப் பார்க்கவில்லை, காதை மூடிக்கொள்ளப் பழகினார்கள். காலையில் குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்த முதல் வாளி செடிக்கு. அது நிரம்புவதற்குள் பேச்சு அநேகமாக அடங்கிவிடும். இரண்டாவது வாளியிலிருந்துதான் சமையல், குளியல் எல்லாம். அப்படியும் காதில் ஏதாவது விழுந்துவிட்டால் அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. இதனால் அந்த ஊரில் ரோஜாச் செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது அவற்றுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று பேக்கரிக்காரி சொல்லிச் சிரிப்பாள்.

கண்ணாடிக்கடைக்காரி அந்த ஊருக்கு வந்தபோது இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. நகரத்தில் ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருஷம் அடுத்தவர் கல்லாவுக்குக் கண் பார்த்துக் கொடுத்தவள். அங்கே அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் குடியிருந்துவிட்டு, சொந்தமாக ஒரு கடை வேண்டும், அதன் ஷட்டரைத் தன் கையால் தூக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாடகை குறைந்த இந்த ஊரைத் தேடி வந்தாள். கணவன் மறுப்புச் சொல்லவில்லை. "நீ கடையைப் பாரு, கடை கால் ஊன்றுகிற வரைக்கும் என் சம்பளம் வீட்டைப் பார்த்துக்கும்" என்றான். தினமும் ஏழேகால் ரயிலில் நகரத்து அலுவலகத்துக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவான். ஒரு மாதத்துக்குள் ஊரார் அவனுக்கு ஏழேகால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அவன் தன் மனைவியைக் கேலியாக டாக்டரம்மா என்று கூப்பிடுவான். உலகத்திலேயே அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிடுவான்.

வந்த புதிதில் ஒரு காலை அவள் குழாயைத் திறந்ததும், "மறுபடியும் எங்க அம்மா மாத்திரையை மறந்துட்டாங்கன்னு என்கிட்ட கத்தாத, நான் மருந்துக்கடைதான் வச்சிருக்கேன், ஆஸ்பத்திரி இல்ல" என்று வந்தது. அன்று மாலை அவள் மருந்துக்கடைக்குப் போனபோது நல்ல மனதோடுதான், "வயசானவங்க மாத்திரை மறக்கிறதெல்லாம் சகஜம் சார், வீட்ல சண்டை போடாதீங்க" என்று சொல்லிவைத்தாள். கடையில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் முகம் வெளிறிப்போய், அவள் கேட்ட தைலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வீட்டுத் தையல்கார அக்காதான் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். "குழாயில கேட்டது குழாயோட போயிடணும்மா. நாக்குக்கு வரக் கூடாது. இல்லன்னா இந்த ஊர்ல ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க முடியுமா சொல்லு?"

அதிலிருந்து அவள் முதல் வாளியைச் செடிக்கு ஊற்றினாள். ஆனால் வாளி நிரம்பும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. பொய் சொல்வானேன், அவளுக்கு அது வானொலி மாதிரி. நகரத்தில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்காமல் இருந்தவளுக்கு, ஒரு ஊர் முழுக்கத் தன் சமையலறையில் வந்து பேசிவிட்டுப் போவது இனித்தது. யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் மகன் கடிதம் போடவில்லை, யார் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஊர்ச் சேதி அத்தனையும் தெரிந்தவளுக்கு வீட்டுச் சேதி மட்டும் தெரியாமல் போனது. வீட்டுப் பேச்சு வீட்டுக் குழாயில் வராதே.

ஏழேகாலும் குழாய் விஷயத்தைக் கேள்விப்பட்டான், ஆனால் அவன் கணக்குப் போடுகிறவன், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். ஒரு நாள் குளியலறைக் குழாயைத் திறந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய் அங்கே குழாயைத் திறந்து காது கொடுத்துக் கேட்டான். தண்ணீர்தான் வந்தது. மறுபடியும் செய்தான். தண்ணீர்தான். ஊர்ப் பேச்செல்லாம் குழாயில் போகலாம், நம் வீட்டுப் பேச்சு போகாது, நம் குழாய் சுத்தமான குழாய் என்று முடிவு கட்டிவிட்டான். படித்தவன் போடுகிற கணக்கு சில சமயம் இப்படித்தான் முடியும். அன்று ஊரில் எல்லா வீடுகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று கேட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது வருஷம் வெயில் குறைகிற சமயத்தில் ஊருக்குக் கண் கெட ஆரம்பித்தது. முதலில் வந்தவர் இரும்புக்கடைக்காரர். பத்தடி தள்ளி விழுந்த திருகாணியை உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டுகிற மனிதர். எழுத்துப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து, மூன்றாவது வரியே தெரியவில்லை, எல்லாம் புகைமூட்டம் என்றார். அவள் கருவியை வைத்துப் பார்த்தாள், கண் பளிங்கு மாதிரி இருந்தது. "உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம் சார்" என்றாள். "இல்லம்மா, வேணும். போட்டாத்தான் மனசுக்குத் திருப்தி" என்று பிடிவாதமாக நின்று ஒரு கறுப்புச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். எழுந்து வெளியே போகும்போது, "அந்த மூலையில எறும்பு வரிசையாப் போகுது பாருங்க, சர்க்கரை ஏதாவது கொட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு பேக்கரிக்காரி, வாடகை வீட்டுத் தரகர், இரண்டு ஆசிரியைகள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் வந்து எதுவுமே தெரியவில்லை என்றார். நாளையிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு நானே சொல்கிறேன் என்றாள். அவர் பதறிப்போய், "ஐயோ, ஓட்டும்போது நல்லாத் தெரியும்மா. இறங்கினாத்தான் தெரியல" என்றார். மருந்துக்கடைக்காரர்கூட வந்தார், பழைய வருத்தத்தை முகத்தில் காட்டாமல் தங்க நிறச் சட்டம் ஒன்று கேட்டார். அவள் மனச்சாட்சி உள்ளவள். எல்லாருக்கும் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு, சட்டத்துக்கு மட்டும் விலை வாங்கினாள். அப்படியும் கடை நிமிர்ந்தது. தெருவில் போனால் ஊரே மூக்கில் கண்ணாடியோடு எதிரில் வந்தது.

அவளுக்கு ஆச்சரியம் போய்ப் பயம் வந்தது. கருவியில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஆனால் ஒரு ஊர் முழுக்கப் பொய் சொல்லுமா? அப்படியானால் கருவிக்கும் எட்டாத ஏதோ ஒரு கோளாறு. எல்லாரும் குடிப்பது ஒரே தண்ணீர். பேசுகிற தண்ணீர் வேறு என்னதான் செய்யாது? ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொட்டி மேட்டுக்கு ஏறினாள். தொட்டிக்காரர் அவள் கண் எதிரிலேயே ஒரு டம்ளர் குடித்துக் காட்டி, "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்றவர், தன் மூக்கில் இருந்த கண்ணாடி ஞாபகம் வந்ததும், "கண்ணு மட்டும்தான் கொஞ்சம் மங்கல்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் தையல்கார அக்காவிடம் சொன்னாள். "நாளைக்கே நகரத்து சுகாதார ஆபீஸ்ல புகார் கொடுக்கப் போறேங்க்கா. தண்ணியில ஏதோ இருக்கு. இத்தனை பேர் கண்ணு போறதைப் பாத்துக்கிட்டு நான் கல்லாவுல உட்கார முடியாது. அவங்க கேக்கலைன்னா கடையை மூடிட்டு நாங்க திரும்பிப் போயிடுறோம்."

அக்கா கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இந்தப் பெண் கடையை மூடிவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதானே ஊரே கண் தெரியாமல் அலைகிறது? காசு கொடுத்து வினையை வாங்கின கதையாகிவிட்டதே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் குழாயில் கேட்டதை நாக்குக்குக் கொண்டுவந்ததாகத் தன்னை நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அக்கா நூல்கண்டை உருட்டிக்கொண்டே, "போறதுதான் போற, உனக்கு ஒரு சட்டை தைச்சுக் கொடுத்து அனுப்புறேன். காலையில ஆறரைக்கு வா, அளவெடுக்கணும்" என்றாள். ஆறரைக்கா என்று கேட்டதற்கு, வெளிச்சம் அப்போதுதான் சரியாக இருக்கும் என்றாள். வெளிச்சத்துக்கும் அளவு நாடாவுக்கும் என்ன சம்பந்தமோ!

மறுநாள் ஏழேகால் குளியலறைக்குள் நுழைந்ததும் அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். மேசைமேல் வெள்ளைவெளேர் என்று துணி விரித்திருந்தது. "வெள்ளைத் துணிம்மா, அழுக்குப் பட்டா போகாது. உள்ள போய்க் கையைக் கழுவிட்டு வா. நல்லா, நிதானமாக் கழுவு" என்று சொல்லிவிட்டு அக்கா முன்னறைக்குப் போய்த் தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள். அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். முதலில் வழக்கமான இரைச்சல் வந்தது. பிறகு இரைச்சல் விலகியது.

"டாக்டரம்மா" என்றது குழாய். "அதாவது, விஷயம் என்னன்னா... எனக்கு வேலை போயிடுச்சு. போய் ரொம்ப நாளாச்சு. ஆபீஸையே மூடிட்டாங்க. தினமும் ரயில் ஏறிப்போய் ஸ்டேஷன்லயே உட்கார்ந்துட்டு வர்றேன். கையில இருக்கிறதை எடுத்துத்தான் சம்பளம்னு கொடுக்கிறேன், அதுவும் தீரப்போகுது. சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு தெரியும். கடையை மூடிடலாம், நான் பழையபடி வேலைக்குப் போறேன்னு சொல்லுவ. உன் கடையை மூடவச்சவன் நானாயிடுவேன். ச்சே... இப்படிச் சொன்னா அழுதுடுவா. முதல்லேர்ந்து." கொஞ்சம் தண்ணீர் மட்டும் வந்தது. மறுபடியும், "டாக்டரம்மா. அதாவது, விஷயம் என்னன்னா..."

அவளுக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகியது. தினமும் காலையில் இதே நேரத்தில், இதே வார்த்தைகளை, இந்த ஊரில் குழாய் திறந்த ஒவ்வொரு வீடும் கேட்டிருக்கிறது. பேக்கரிக்காரி கேட்டிருக்கிறாள், தொட்டிக்காரர் கேட்டிருக்கிறார், அவளால் கடையில் தலைகுனிந்த மருந்துக்கடைக்காரர் கேட்டிருக்கிறார். அவன் மேல் வந்த கோபத்தைவிட ஊர் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. என்னை என்ன நினைத்தார்கள், பிச்சைக்காரி என்றா? குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது முன்னறையில் அக்கா இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை, ஊசிக்குக் கீழே துணியும் இல்லை. உள்ளே என்ன வருகிறது என்று தன் காதில் விழாமல் இருக்க வெறும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாள் கேட்டவள்தான், ஆனால் இன்று அது கேட்க வேண்டியவள் வந்துவிட்டாள். இரும்புக்கடைக்காரரின் எறும்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. வீட்டுக்கு ஓடலாம் என்று வாசல்வரை போனவள் நின்றாள். நேரில் போய் நின்றால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ரயிலுக்குப் போய்விடுவான். அவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து குனிந்தாள்.

"கதவைத் திறந்து வெளியில வாங்க" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும். கோபம் இல்ல. வந்து சொல்லுங்க."

அவள் நினைத்தது ஒருவனை. ஆனால் அது காலை ஆறே முக்கால், ஊரில் குழாய் திறக்காத வீடே இல்லாத நேரம். உள்ளத்தில் உள்ளதைச் சொன்னதால் மற்ற பேச்செல்லாம் ஒதுங்கிக்கொண்டது. குரலுக்குத்தான் அடையாளம் கிடையாதே. எல்லாக் குளியலறையிலும், எல்லாச் சமையலறையிலும், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அது தனக்குத்தான் என்று நினைத்தார்கள். நுரையும் துண்டுமாகக் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். முப்பது வருஷமாகக் கணவனுக்குப் பிடிக்கும் என்று வீட்டுக்கு மஞ்சள் வண்ணம் அடித்துவந்த ஒருத்தி தனக்கு அந்த நிறமே ஆகாது என்றாள். உனக்குப் பிடிக்கும் என்றுதானே நானும் பொறுத்துக்கொண்டேன் என்று அவன் தலையில் கைவைத்தான். தரகர் மகன், நகரத்துக் கல்லூரியை விட்டு முடிவெட்டும் வேலை பழகுவதை ஒப்புக்கொண்டான். அப்படியானால் இனி முடிவெட்டுச் செலவு மிச்சம் என்று மட்டும்தான் தரகருக்குச் சொல்லத் தோன்றியது. பஸ் டிரைவர் தனக்குப் பின்பக்கமாக வண்டி எடுக்க இன்றும் பயம் என்றார். மருந்துக்கடைக்காரர் தன் அம்மா மாத்திரையை மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விழுங்காமல் இருக்கிறாள் என்று மனைவியிடம் சொல்லி அழுதார். இரும்புக்கடைக்காரர் தனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று சொன்னதற்கு, எனக்கும்தான் என்று அவர் மனைவி தன் கண்ணாடியைக் கழற்றினாள். அன்று ஏழேகால் ரயிலுக்கு ஆளே வரவில்லை. நிலைய அதிகாரி கொடியைப் பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு, கடைசியில் வெறும் வண்டியை அனுப்பினார்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் குளியலறை வாசலில், ஒரு காதில் சோப்போடு நின்றுகொண்டிருந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிப் பார்த்தீங்களே, அதுவும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். தலையைத் துவட்டுங்க முதல்ல. கடையை மூட மாட்டேன். நீங்களும் ரயில் ஏற வேண்டாம். ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கணும், வாங்க."

ஷட்டரைத் தூக்குவது மட்டும் அவள்தான். அவன் கண்ணாடிச் சட்டத்தில் திருகு முடுக்கவும் மூக்குத் தாங்கியைச் சரிசெய்யவும் பழகினான். முதல் மாதத்தில் போட்டவர்கள் எல்லாருக்கும் கண்ணாடி இடதுபக்கம் கொஞ்சம் சரிந்தே நின்றது, யாரும் குறை சொல்லவில்லை. பிறகு கை பழகிவிட்டது. சுற்று ஊர்களிலிருந்து நிஜமாகவே கண் மங்கினவர்கள் வர ஆரம்பித்தார்கள், கடை கால் ஊன்றியது. ரயிலேறாவிட்டாலும் ஏழேகால் என்ற பெயர் போகவில்லை. சுகாதார அலுவலகத்துக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. இரும்புக்கடைக்காரரும் மனைவியும் மற்றவர்களும் வெளியே வரும்போது அந்த வெறும் கண்ணாடியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். கழற்றினால் குழாயில் கேட்டேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. நாளடைவில் அவர்கள் பிள்ளைகளும் வளர்ந்ததும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கடைக்காரி தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து நகரத்திலிருந்து ஒருவர் வந்து நிலையத்துக்கு எதிரில் குடைக்கடை போட்டார். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. ஒரு காலை அவள் முதல் வாளியை வைத்துவிட்டு இப்போதெல்லாம் ஊர் வழக்கப்படியே செடிப்பக்கம் நகர்கிறவள், அன்றும் நகர்ந்தபோது, குழாயில் இரைச்சல் விலகி ஒரு ஈரக்குரல், "இந்த மாசம் தாண்டாது, மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான், அவகிட்ட எப்படிச் சொல்றது" என்றது. அவள் வாளியை எடுத்துப் போய் ரோஜாவுக்கு ஊற்றினாள். பத்து மணிக்கு ஏழேகாலைக் கடையில் உட்காரவைத்துவிட்டுக் குடைக்கடைக்குப் போய் இரண்டு பெரிய குடை கேட்டாள்.

குடைக்கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. "மழையே இல்லையேம்மா?" என்றார்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "வர்ற மாதிரிதான் இருக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரரும் இரும்புக்கடைக்காரரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.